விடை ஒன்று இல்லை, சய அரை

"ஏழாவது கேள்வி. விடை ஒன்று" என்று வாசித்தார் துவாரகன் சேர்.

ரியூஷன் கொட்டிலுக்குள் இருந்த அறுபது பிள்ளைகளும் சரி போட்டார்கள். சரி போடுகிற பேனாவுக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. கீழே ஒரு சின்ன இழுப்பு, மேலே ஒரு நீண்ட இழுப்பு. அறுபது பேரும் ஒரேயடியாகப் போட்டால் காய்ந்த ஓலையை இழுத்துக்கொண்டு போகிற மாதிரிக் கேட்கும்.

நான் சரி போடவில்லை. என் கொப்பியில் ஒன்று இல்லை. சய அரை இருந்தது.

சய என்றால் மைனஸ். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கூட்டலுக்குச் சக, கழித்தலுக்குச் சய. வெளிநாட்டிலிருந்து இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

செங்கலடியில் ஒரு சனிக்கிழமை காலை அது. தகரக் கூரை சூடேறத் தொடங்கியிருந்தது. வெள்ளைப் பலகையில் கேள்வி இப்படிக் கிடந்தது:

1/4 − (−18/−24)

எனக்கு வயது நாற்பத்துமூன்று. காவல் வேலை முடிந்து நேரே வந்தபடியால் மண்ணிறக் காற்சட்டையும் தோளில் பட்டி வைத்த சட்டையும். முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது, பொலிஸ் வந்துவிட்டது என்று பின் வாங்கில் இருந்த இரண்டு பேர் போனை ஒளித்தார்கள்.

என் கை மேலே போனது. நான் தூக்கவில்லை, அதுவாகப் போனது என்றுதான் இன்றைக்கும் எனக்கு நினைப்பு.

"என்ன அக்கா?"

"சேர், எனக்கு வேற விடை வருது."

அறுபது தலைகள் திரும்பின. துவாரகன் சேர் பேனாவை நீட்டினார்.

"அப்ப வந்து செய்து காட்டுங்க."

என் கால் எழும்பவில்லை. ஏன் என்று சொல்ல முப்பது வருடம் பின்னால் போகவேண்டும்.

நான் அழித்த கோடு

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவள். ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு விடியற்காலை, ஷெல் சத்தம் கிட்ட வருகிறது என்று ஊரில் பாதி எழும்பி வாவியைக் கடந்தது. அம்மா அரிசிப் பானையை எடுத்தா. நான் புத்தகப் பையை எடுத்தேன். தோணியில் ஏறும்போது ஒன்றைத்தான் வைத்திருக்கலாம் என்றார்கள். பானை ஏறியது.

மூன்று மாதமோ நான்கு மாதமோ, அக்கரையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தோம். பள்ளிக்கூடத்துக்குள் வாழ்ந்தேன், படிப்பு மட்டும் இல்லை. கரும்பலகையில் யாரோ ஈரச் சீலை காயப்போட்டிருந்தார்கள்.

ஊருக்குத் திரும்பி வகுப்பில் போய் இருந்தபோது எல்லாம் பழையபடிதான் இருந்தது, கணக்கு மட்டும் மாறியிருந்தது. அந்த மாதங்களில்தான் ஓடாமல் நின்ற பிள்ளைகளுக்குத் திசைகொண்ட எண்களைப் படிப்பித்திருக்கிறார்கள். பூச்சியத்துக்குக் கீழேயும் எண் உண்டு என்று சொல்லிக் கொடுத்த நாளில் நான் குழாயடி வரிசையில் நின்றிருப்பேன்.

வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கணக்கு வாத்தியார் என்னை எழுப்பினார். கரும்பலகையில் −6/8. "சுருக்கு" என்றார்.

ஆறையும் எட்டையும் இரண்டால் பிரிக்க எனக்குத் தெரியும். நான்காம் வகுப்பிலேயே தெரியும். ஆனால் ஆறுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு கிடந்தது. சோக் வழுக்கி விழுந்த கோடு என்று நினைத்தேன். கணக்கைத் துப்புரவாகச் செய்யவேண்டும் என்ற ஆசையில் உள்ளங்கையால் அதைத் துடைத்துவிட்டு, 3/4 என்று எழுதினேன்.

வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை.

"கோட்ட அழிச்சா கணக்கு முடிஞ்சிருமா?" என்று கேட்டு, துடைத்த அந்தக் கையை நீட்டச் சொன்னார். பிரம்பு வலித்தது ஒரு பகல்தான். அதன் பிறகு கணக்குப் பாடத்தில் நான் வாயே திறக்கவில்லை.

அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் எங்கே கிடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த மாதங்களில் எது போனது என்று எனக்கே தெரியாது. எனக்கு மண்டை இல்லை என்றுதான் நான் நினைத்தேன். ஒரு பாடத்தைத் தவறவிட்டேன் என்று நினைக்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சை மூன்று முறை எழுதினேன். தமிழ், சமயம், வரலாறு எல்லாம் நல்ல சித்தி. கணிதம் எஃப். எஃப். எஃப்.

காவல் அறைக்கு வந்த சுற்றறிக்கை

கலியாணம் முடித்து வந்தாறுமூலைக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் மேசன். பல்கலைக்கழக வளாகத்து வாசலில் காவல் வேலை ஒப்பந்தத்தில் கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கிற வாரத்தில் சோறு இறங்காது. ஒன்பது வருடம் அப்படி விழுங்கினேன்.

படித்தவர்களுக்குக் கேற் திறந்துவிடுகிற வேலை. காலையில் மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல் என்னைக் கடந்து உள்ளே போவார்கள். அவர்கள் எல்லாரும் கணக்குப் பாஸ் பண்ணியவர்கள் என்று ஒரு நினைப்பு எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

என்னோடு அதே வாசலில் நிற்பவர் றிஸ்வான் நானா. ஏறாவூர்க்காரர். கட்டாரில் எட்டு வருடம் களஞ்சியசாலையில் வேலை செய்துவிட்டு வந்தவர். என்னைவிட ஒரு வயது மூத்தவர், அதனால் நானா, அதாவது அண்ணன். சிரிக்காமல் பகிடி விடுவதில் அவரை வெல்ல ஆளில்லை.

ஒருநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒப்பந்தக்காரர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள். இரண்டு நிபந்தனை. நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்திருக்கவேண்டும்.

நான் வாசித்துவிட்டுக் கடதாசியை அவரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு எனக்கே திருப்பித் தந்தார். இரண்டு பேரும் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு பஸ் போனது. இன்னொரு பஸ் போனது.

"தங்கச்சி, உங்களுக்கு எத்தினை தரம்?" என்றார் கடைசியில்.

"மூண்டு. உங்களுக்கு?"

"எனக்கு ரெண்டு. மூண்டாந் தரம் பரீட்சைக்குக் காசு கட்டிட்டுப் போகல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஒரே வாசலில் நான்கு வருடம் நின்றிருக்கிறோம். இதை ஒருவருக்கொருவர் சொன்னதே இல்லை.

வயதுக் கணக்கைப் பார்த்தால் எங்களுக்கு ஒரேயொரு பரீட்சைதான் மிச்சம். அதற்கடுத்த பரீட்சை வரும்போது அவர் நாற்பத்தைந்தைத் தாண்டிவிடுவார். நான் விண்ணப்பிக்க நினைத்தாலும் இந்த வெற்றிடங்கள் நிரம்பிவிடும்.

"எங்க இரிந்து துடங்குவம்?" என்று கேட்டார்.

"ஏழாம் ஆண்டுப் புத்தகத்தில இரிந்து" என்றேன். வாயில் தானாக வந்தது.

கிணறு இறங்கின எட்டு நாள்

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய புத்தகத்தை வாங்கி வந்தேன். பகல் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் வாசலில் ஆள் நடமாட்டம் குறைவு. ஒருவர் கேற்றைப் பார்ப்பார், மற்றவர் கணக்குச் செய்வார்.

பின்னம் வரைக்கும் ஓடினோம். பெரிய பொதுக் காரணியைக் கண்டுபிடித்து மேலையும் கீழையும் பிரிக்கிறதில் றிஸ்வான் நானா மன்னன். களஞ்சியத்தில் பெட்டி அடுக்கின கை. பதினெட்டின் கீழ் இருபத்துநான்கு என்று நான் முடிக்க முன்னம் "ஆறால பிரி, முக்கால்" என்பார்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. −6/8.

அதே கணக்கு. முப்பது வருடமாக அது அந்தப் புத்தகத்துக்குள் எனக்காகக் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. 

"இந்தச் சய ஆருக்குரியது?" என்று கேட்டார் றிஸ்வான் நானா. "மேல இரிக்கிறவருக்கா, கீழ இரிக்கிறவருக்கா, நடுவில இரிக்கிற கோட்டுக்கா?"

"ஆருக்கெண்டாலும் ஒண்டுதான் எண்டு புத்தகத்தில போட்டிருக்கு."

"போட்டிருக்கு. ஆனா ஏன்?"

மூன்று நாள் சண்டை பிடித்தோம். மனப்பாடம் பண்ணிவிட்டுப் போவோம் என்றேன். "மனப்பாடம் பண்ணித்தானே ரெண்டு தரம் ஃபெயில் விட்டன்" என்றார் அவர். 

அது நல்ல கோடை. காவல் அறைக்குப் பின்னால் ஒரு கட்டுக்கிணறு. கயிறு எட்டாமல் போகப்போகிறது என்று அவர் தினமும் காலையில் தண்ணீர் மட்டத்தைக் கரியால் சுவரில் கோடு போட்டு வைப்பார். நான்காம் நாள் வாளியோடு போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"தங்கச்சி! இஞ்ச ஓடி வாங்க!"

யாரோ கிணற்றுக்குள் விழுந்துவிட்டார்கள் என்று ஓடினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எட்டு நாளில ஆறு அங்குலம் இறங்கியிரிக்கி. ஒரு நாளைக்கி எவ்வளவு?"

"முக்கால் அங்குலம்."

"ஏறினதா, இறங்கினதா?"

"இறங்கினது. சய முக்கால்." சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. "மேல கிடக்கிற சய அதுதான்! சய ஆறு, எட்டு நாள்!"

"அப்ப கீழ கிடந்தா?"

கிணற்றுக் கட்டில் கை வைத்து யோசித்தேன். கட்டு சுட்டது. கீழே இருப்பது நாள். சய எட்டு நாள் என்றால் எட்டு நாளைக்கு முன்னம்.

"எட்டு நாளைக்கு முதல் தண்ணி ஆறு அங்குலம் மேல நிண்டது" என்றேன் மெல்ல. "அதும் இதே கிணறுதான் நானா. அதும் இறங்கின கதைதான். சய முக்கால்தான்."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டு இடத்திலயும் சய இரிந்தா? எட்டு நாளைக்கு முதல் ஆறு அங்குலம் கீழ நிண்டிரிந்தா?"

"அப்ப தண்ணி ஏறி வந்திரிக்கு! மழை பெய்ஞ்சிரிக்கு! சக முக்கால்!"

இரண்டு பேரும் நடு வெயிலில் கிணற்றடியில் நின்று கத்தினோம். கேற்றில் ஒரு லொறிக்காரன் ஹோன் அடித்துக்கொண்டே இருந்தான்.

அன்றைக்கே றிஸ்வான் நானா கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினார்: முதலில் சயவைத் தீர். பிறகு எண்ணைச் சுருக்கு.

கணக்கில் மற்றப் பாடங்களுக்கு ஆள் வேண்டும் என்றுதான் நான் சனிக்கிழமைகளில் துவாரகன் சேரின் வகுப்புக்குப் போனேன். சேருக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். றிஸ்வான் நானாவுக்குச் சனிக்கிழமை வேலை. நான் கேட்டு வந்து திங்கட்கிழமை அவருக்குச் சொல்லவேண்டும் என்பது ஒப்பந்தம். சனிக்கிழமைச் சமையல் என் வீட்டுக்காரர் பொறுப்பு. உப்புப் போடாத மீன் குழம்பை நாங்கள் ஏழு மாதம் சாப்பிட்டோம்.

வெளியில் நின்ற ஒன்று

ஆக, துவாரகன் சேர் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் வாங்கில் ஒட்டிக்கொண்டு இருக்கிறேன்.

எனக்குப் பக்கத்தில் தர்ஷினி என்று ஒரு பிள்ளை. பதினாறு வயது, வகுப்பில் கெட்டிக்காரி. அவளுடைய கொப்பியைத் தற்செயலாகப் பார்த்தேன். ஏழாவது கேள்விக்கு நேரே அழிறப்பரால் அழித்த தடம். அந்தத் தடத்துக்குள் மங்கலாக −1/2 தெரிந்தது. மேலே 1 என்று எழுதிச் சரியும் போட்டிருந்தாள்.

சரியாக வந்த விடையை அந்தப் பிள்ளை அழித்திருக்கிறாள். சேர் வாசித்தது வேறாக இருந்தபடியால், தன்னில்தான் பிழை என்று அழித்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியாத கோபம். அந்தக் கோபம்தான் என்னை எழுப்பியது.

பலகைக்கு முன்னால் போய் நின்றேன். பேனாவின் மருந்து வாசம் மூக்கில் அடித்தது. 

"அக்கா, சய சய சக தானே?" என்றார் சேர் தன்மையாக. "வெளியில ஒரு சய, உள்ளுக்குள்ள ஒரு சய. காலும் முக்காலும் கூட்டினா ஒண்டு."

"உள்ளுக்குள்ள ஒண்டில்ல சேர், ரெண்டு கிடக்கு. மொத்தம் மூண்டு சய."

சேர் பலகையைப் பார்த்தார்.

"அடைப்புக்குள்ள மேலயும் சய, கீழயும் சய. அது ரெண்டும் தங்களுக்குள்ளயே முடிஞ்சிட்டு. அப்ப அது வெறும் பதினெட்டின் கீழ் இருபத்துநாலு. ஆறால பிரிச்சா முக்கால். சக முக்கால். வெளியில நிக்கிற சய ஒண்டு மிஞ்சி நிக்குது சேர். அது எங்கயும் போகல்ல."

எழுதினேன்: 1/4 − 3/4.

"எனக்கிட்டக் கால் இரிக்கக்குள்ள முக்காலைக் கழிச்சா, ஒண்டு எப்பிடி சேர் வரும்? கழிக்கக் கழிக்கக் கூடுமா?"

−2/4 என்று எழுதி, இரண்டால் பிரித்து, −1/2 என்று முடித்தேன். அந்தச் சின்னக் கோட்டை மட்டும் இரண்டு தரம் தடவித் தடிப்பாக்கினேன்.

 சேர் கையில் இருந்த விடைத்தாளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், திரும்பவும் விடைத்தாளைப் பார்த்தார். தன் கையாலேயே ஒரு மூலையில் கணக்கைச் செய்து பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"பிள்ளையள்" என்றார். "அச்சில பிழை. நானும் பார்க்காம வாசிச்சிட்டன். அக்கா சொல்றதுதான் சரி. எல்லாரும் திருத்துங்க."

"சேர்! எனக்கு முதல் அதுதான் வந்த!" என்று கத்தினாள் தர்ஷினி. "நான் அழிச்சிட்டன் சேர்!"

"எனக்கும்!" என்றான் ஒரு பையன். "எனக்கும் சேர்!" என்று இன்னும் ஆறேழு குரல். யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். தகரக் கூரைக்குக் கீழே அறுபது பேர் கை தட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மழை அடிக்கிற மாதிரி இருக்கும்.

நான் அழவில்லை. பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு, மண்ணிறக் காற்சட்டையோடு நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்து என் இடத்தில் இருந்தேன்.

அதே வினாத்தாளும் விடைத்தாளும் வேறு பல வகுப்புகளுக்கும் போயிருந்தன. பின்னேரம் வட்சப்பில் ஒரு திருத்தம் வந்தது: "ஏழாம் கேள்வி விடை −1/2. பிழையைக் கண்டுபிடித்தவர் யோகராணி அக்கா." அதை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். திங்கட்கிழமை றிஸ்வான் நானா அதை வாசித்துவிட்டு, எழுந்து நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

பெற்றோர் வெளியே நிற்கவும்

பரீட்சை அன்று சீலை உடுத்திக்கொண்டு போனேன். வாசலில் நின்ற உத்தியோகத்தர் கையைக் குறுக்கே நீட்டி, "அம்மா, பெற்றோர் உள்ள வரேலாது" என்றார்.

"நான்தான் பரீட்சார்த்தி தம்பி" என்று அனுமதி அட்டையைக் காட்டினேன். எனக்குப் பின்னால் வந்த றிஸ்வான் நானாவைப் பார்த்து, "நீங்களுமா வாப்பா?" என்று கேட்டார் அவர். "நான் இவட கிளாஸ்மேட்" என்றார் நானா முகத்தை அசைக்காமல்.

வினாத்தாள் வந்தது. சய வருகிற பின்னம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, இரண்டு புள்ளிக்கு. அதற்காகவா இவ்வளவு காலம் பயந்தேன் என்று ஒரு கணம் மனசுக்குள் கேட்டது. ஆனால் அதைக் கண்டு நான் பயப்படாதபடியால் மற்ற எதைக் கண்டும் பயப்படவில்லை. மூன்று மணித்தியாலமும் பேனா ஓடியது.

இரண்டு கதவு

பிறகு விண்ணப்பம் போட்டதும், நேர்முகத்துக்குப் போனதும், இரண்டு பேருக்கும் நிரந்தர நியமனம் கிடைத்ததும் எல்லாருக்கும் நடக்கிற மாதிரி நடந்தன. எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது பெறுபேறு வந்த பகல்.

இரண்டு பேரும் வாசலில் வேலையில் இருந்தோம். இணையப் பக்கம் திறக்கவே இல்லை. நாடு முழுக்க ஒரே நேரத்தில் பார்க்கிறது. றிஸ்வான் நானா என் சுட்டெண்ணைப் போட்டு விரலால் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு இருந்தார். நான் வாகனங்களின் இலக்கத்தை எழுதிக்கொண்டு இருந்தேன். என்ன எழுதினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவர் தட்டுவதை நிறுத்தினார். போனை நீட்டினார்.

கணிதம்: சி. திறமைச் சித்தி.

"உங்களுக்கு?" என்றேன். 

அவருடைய எண்ணைப் போட்டோம். இந்த முறை உடனே திறந்தது. கணிதம்: எஸ். சாதாரண சித்தி.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு கதிரையில் அமர்ந்து, தொப்பியைக் கழற்றி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் பகிடி விடாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான்.

எங்கள் வாசலுக்கு இரண்டு பெரிய இரும்புக் கதவு. வழமையாக ஒன்றைத்தான் திறப்போம். இரண்டாவது கதவு பட்டமளிப்பு நாளில் மட்டும் திறக்கும். அதன் கொண்டி துருப்பிடித்து இறுகிக் கிடக்கும்.

நான் போய் அந்தக் கொண்டியை இழுத்தேன். வரவில்லை. காலைச் சுவரில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தேன். பெரிய சத்தத்தோடு வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். உள்ளங்கை முழுக்கத் துரு.

உள்ளே போகக் காத்து நின்ற வாகனங்கள் தயங்கின. ஒரு விரிவுரையாளர் காரின் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். வாங்க வாங்க என்று இரண்டு கையையும் காட்டினேன்.

மேசையில் இருந்த வோக்கி கரகரத்தது. எங்கள் பிரதான காவல் அதிகாரியின் குரல்.

"முன் வாசல்! ரெண்டு கதவும் திறந்து கிடக்கெண்டு சொல்றாங்க. ஆர் பெரியவர் வாறார்? எனக்கு ஏன் அறிவிக்கல்ல?"

றிஸ்வான் நானா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்தார். வோக்கியை எடுத்துப் பொத்தானை அமத்தினார்.

"ஒரு ஆளில்ல சேர், ரெண்டு பேர்" என்றார். "வந்து சேர்ந்திட்டம்."